ஒரே பெட்டிக்குள் இரண்டு பேஸ்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்முனை (த்ரீ-பேஸ்) இணைப்புள்ள கட்டடங்களில் ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் இரு வேறு பேஸ் வயர்கள், அதாவது மின்சாரம் கொண்டுவரும் வயர்கள், வருவதுண்டு. காப்புறை நன்றாக இருக்கும்வரை அருகருகே இருப்பதால் கெடுதல் இல்லை, பழுதுபார்க்கும்போதுதான் ஆபத்து. ஒரு பேஸின் எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சை) அணைத்துவிட்டு மூடியைக் கழற்றுபவர், பக்கத்துச் சுவிட்சின் திருகில் மின்சாரம் இருப்பதை எப்படி அறிவார்? நியூட்ரலோடு 230 வோல்ட் காட்டும் இரு பேஸ்களுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும் என்பதோடு, இரண்டையும் ஒருசேரத் தொட்டவரின் உடலில் பாயும் மின்னோட்டம் தரைக்குக் கசியாதபோது, மூன்று பேஸுக்கும் பொதுவான ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவியும்) அதை உணராது. இதை எலக்ட்ரீஷியன்களே சிலர் மறந்துவிடுவது மிகுந்த கவலை தருகிறது. இயன்றவரை ஓர் அறைக்கு ஒரே பேஸ் கொடுப்பதே நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில் பெட்டியின் நடுவே தடுப்பும் மூடியின்மேல் எச்சரிக்கைக் குறிப்பும் கட்டாயம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்