தண்ணீருக்கு இடம் விட்டுப் பை கட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய லிஸ்ட்டைப் படித்தேன். மூன்று ஜீன்ஸ், ஏழு டீசர்ட், பெரிய பாத் டவல், ஹேர் ட்ரையர், மூன்று ஜோடி செருப்பு ஷூ, அப்புறம் அந்தச் சக்கரம் வைத்த பெட்டி. ஐந்து நாள் பாலைவனத்துக்கு இவ்வளவா என்று கேட்க வரவில்லை, எதை எடுத்து எதை விடுவது என்று உன்னோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுகிறேன். பாலைவனத்தில் வேலை பார்த்த வருஷங்களில் நான் தெரிந்துகொண்டதை இப்போது உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப்போகிறேன்.

முதல் கணக்கு இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கடும் வெயிலில் நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம், இன்னும் அதிகமாகவும் போகும். அப்படியென்றால் நாள் முழுக்க வெளியே இருக்கிற ஒருத்திக்கு எத்தனை லிட்டர் வேண்டும், அதை யார் சுமப்பது என்று நீயே யோசித்துப் பார். நீ எடுத்து வைக்கிற ஒவ்வொரு ஜீன்ஸும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரின் எடை. துணியைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்வது விமானத்தில் கைப்பைக்கு வைக்கிற 7 கிலோ கணக்குக்காக இல்லை, உன் முதுகில் தண்ணீருக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காக.

துணி குறைவாகப் போதும் என்பதற்குப் பாலைவனமே வழி செய்து கொடுக்கிறது. காற்றில் ஈரமே இல்லாததால் மெல்லிய சட்டையை அலசிப் பிழிந்து நிழலில் போட்டாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கூடாரத்தில் தண்ணீர் அளந்துதான் தருவார்கள் என்றால் அலசக்கூட வேண்டாம், சாயங்காலம் கழற்றி நன்றாக உதறி இரவு முழுக்கக் காற்றில் தொங்கவிடு, காலையில் போட்டுக்கொள்ளலாம். அதனால் முழுக்கைச் சட்டை இரண்டு, தொளதொளப்பான பேன்ட் இரண்டு, இரவுக்கு ஒரு உலர்ந்த டீசர்ட், உள்ளாடை மூன்று செட், சாக்ஸ் மூன்று. அவ்வளவுதான். ஜீன்ஸ் ஒன்றுகூட வேண்டாம், கனம், காயாது, தொடையோடு ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது.

பருத்தி எடுக்காதே, செயற்கை இழைதான் நல்லது என்று யாராவது சொல்வார்கள். குளிர்ந்த மலைக்கு அது சரி, நனைந்த பருத்தி அங்கே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வறண்ட வெயிலில் அதே குணம்தான் நமக்கு வேண்டியது, வியர்வையைப் பிடித்து வைத்து மெதுவாக ஆவியாக்கி உடம்பைக் குளிர வைக்கும். ராத்திரி குளிர் இறங்குவதற்கு முன்னால் அந்த ஈரச் சட்டையை மாற்றிவிடு, அது முக்கியம்.

நிறம் வெள்ளையாக இருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். அரபுப் பாலைவனங்களில் வாழ்கிற பெடூயின் மக்கள் அந்த வெயிலில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்து, அது எப்படி என்று சோதித்து 1980-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. கறுப்புத் துணி வெயிலை அதிகம் வாங்குவது உண்மைதான். ஆனால் அங்கி தொளதொளப்பாக இருப்பதால் அந்தச் சூடு துணியோடு நின்று, உள்ளே ஓடுகிற காற்றோடு வெளியே போய்விடுகிறது. உடம்புக்கு வந்து சேர்ந்த சூடு கறுப்பு அங்கியிலும் வெள்ளை அங்கியிலும் ஒன்றாகவே இருந்ததாம். ஆகவே நிறத்தைவிடத் துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று போக இடம் இருக்கிறதா என்று பார். உன் அளவுக்கு ஒரு அளவு பெரிதாகவே வாங்கு.

முழுக்கை என்றதும் நீ முகம் சுளிப்பாய், தெரியும். உடம்பை எவ்வளவு மூடுகிறாயோ அவ்வளவு சன்ஸ்கிரீன் மிச்சம். முகம், கழுத்து, புறங்கை, இவ்வளவுதான் வெளியே தெரியும் என்றால் ஒரு 100 மில்லி ட்யூப் ஐந்து நாளுக்குத் தாராளமாக வரும், கைப்பையிலேயே போய்விடும். கையில்லாத சட்டை போட்டால் அதே ட்யூப் ரெண்டு நாளில் காலி. மணலில் பட்டுத் திரும்புகிற ஒளியும் தோலைச் சுடும், அதனால் மூக்குக்குக் கீழே, தாடைக்கு அடியில், காது மடலுக்குப் பின்னால் தடவ மறக்காதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி தடவ வேண்டும். ட்யூபை வண்டிக்குள் வெயிலில் விட்டுவிடாதே, சூட்டில் கெட்டுப்போகும்.

இரண்டு மீட்டர் நீளத்துக்கு மெல்லிய பருத்தித் துணி ஒன்று எடு, லிஸ்ட்டில் நான் சேர்க்கிற புதுச் சாமான்களில் முக்கியமானது அதுதான். துவாரெக் ஆண்கள் பல மீட்டர் துணியைத் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொண்டுதான் சகாராவைக் கடக்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. மணல் காற்று எழும்போது மூக்கையும் வாயையும் மூடலாம், நனைத்துக் கழுத்தில் போடலாம், மடித்தால் தலையணை, குளித்தால் துவட்ட, போன் திரை தெரியாவிட்டால் அதன் நிழலில் பார்க்கலாம். அந்தப் பாத் டவலை வீட்டிலேயே வை. தொப்பி எடுத்தால் சுற்றிலும் விளிம்பு இருக்கிற, தாடைக்குக் கயிறு உள்ள தொப்பியாக எடு, முன்னால் மட்டும் நீட்டிய கேப் காதையும் கழுத்தையும் வெயிலுக்குக் கொடுத்துவிடும்.

பாலைவனம் என்றால் நீ மணல் மேட்டை நினைத்துக்கொண்டு செருப்பு எடுத்திருக்கிறாய். சகாராவிலேயே மணல் கிட்டத்தட்ட கால் பங்குதான், மிச்சமெல்லாம் சரளைக் கல்லும் பாறைத் தரையும். மத்தியானத்தில் தரையின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொடும், செருப்பில் நடந்தால் கால் ஓரம் வெந்துவிடும். பழகிய, மூடிய ஷூ ஒரு ஜோடி போதும், சூட்டில் பாதம் வீங்கும் என்பதால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும். வலை போட்ட ஓட்ட ஷூ வேண்டாம், பொடி மணல் உள்ளே புகுந்து சாக்ஸோடு சேர்ந்து தோலை உரித்துவிடும். கூடாரத்தில் போட லேசான செருப்பு ஒன்று. காலையில் ஷூ போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டி, குதிகாலைத் தரையில் ரெண்டு மோது மோதி, அப்புறம்தான் காலை விட வேண்டும். கூட வேலை பார்த்தவர் ஒருவர் இப்படித் தட்டியபோது விரல் நீளத்துக்கு வெளிர் மஞ்சள் தேள் ஒன்று விழுந்து வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக மின்னும், விரல் அளவு டார்ச்தான், கிடைத்தால் போட்டுக்கொள்.

இரவுக் குளிரை நீ லிஸ்ட்டில் நினைக்கவே இல்லை. வறண்ட காற்று, மேகம் இல்லாத வானம், இரண்டும் சேர்ந்தால் பகல் சூட்டைப் பிடித்து வைக்க மேலே ஒன்றுமில்லை, பொழுது சாய்ந்ததும் தரைச் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம், குளிர்காலத்தில் சகாராவில் உறைநிலைக்கும் இறங்கும். அமுக்கினால் சிறிதாகிற லேசான ஜாக்கெட் ஒன்று, காது மூடும் தொப்பி ஒன்று. கனமான ஸ்வெட்டர் வேண்டாம், சட்டைமேல் சட்டை, அதன்மேல் ஜாக்கெட் என்று போட்டாலே போதும்.

இனி தண்ணீர். இதில் மட்டும் நீ எடையைக் குறைக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்பவரின் குழு அமெரிக்கப் பாலைவனங்களில் படைவீரர்களை வைத்து ஆராய்ந்தது. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும், தாகம் எடுக்கும்போது மட்டும் குடித்தவர்கள் இழந்ததில் ஒரு பகுதியைத்தான் குடித்தார்கள், மிச்சம் கடனாகவே நின்றது என்று பார்த்தார்கள். வறண்ட காற்றில் வியர்வை தெரியாது, வந்த உடனே காய்ந்துவிடும், நான் வியர்க்கவே இல்லையே என்று தோன்றும். முன்கையை உள்ளங்கையால் தடவிப் பார், நறநற என்று உப்புப் பொடி கையில் வரும். சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக வளைந்த கோடு விழுந்திருக்கும். அதுதான் நீ இழந்த தண்ணீரின் தடம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலும் குடிக்கவில்லை என்று அர்த்தம். நாளைக்கு வேண்டும் என்று மிச்சம் பிடித்துத் தாகத்தோடு நடக்காதே, மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மத்தியானம் நடக்காமல் நிழலில் உட்கார்ந்து வியர்வையை மிச்சம் பிடி.

எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் ஊற்றாமல் மூன்று நான்கு பாட்டிலாகப் பிரித்து வை, ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். வெறும் தண்ணீரையே நாள் முழுக்க லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்புக் குறைந்து தலைசுற்றும், குமட்டும், அதனால் ஓஆர்எஸ் பாக்கெட் ஏழெட்டு எடுத்துக்கொள், எல்லாம் சேர்ந்தும் இருநூறு கிராமுக்குள்தான் வரும். பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மருந்தில் உனக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீ தும்மலுக்குப் போடுகிற அலர்ஜி மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடு, பழைய வகை மாத்திரைகள் சில வியர்வையைக் குறைக்கும், அந்த வெயிலில் வியர்வை குறைவது ஆபத்து. கான்டாக்ட் லென்ஸை விட்டுவிட்டுக் கண்ணாடி போடு, மணல் தூசியும் வறட்சியும் லென்ஸுக்கு ஆகவே ஆகாது. மூக்கு காய்ந்து ரத்தம் கசியும், உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து சின்ன பாட்டில் ஒன்றும் உதட்டுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் சிறு வாஸ்லின் டப்பாவும் வை. உன் கூட வருகிறவர் யாராவது வெயில் தாக்கி உளறினாலோ, தள்ளாடினாலோ, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடாதே. உடனே நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் கூப்பிடு, பாராசிட்டமால் கொடுத்து நேரத்தை வீணாக்காதே, அந்தச் சூட்டை அது இறக்காது.

சக்கரப் பெட்டி மணலில் நகராது, தோளில் மாட்டும் மென்மையான பைதான் ஜீப்பிலும் அடங்கும். உள்ளே எல்லாவற்றையும் ஜிப்லாக் கவரில் போடு, பொடி மணல் ஜிப்பின் பல்லுக்குள் போய்விட்டால் பையே திறக்காது. பவர் பேங்க்கின் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருக்க வேண்டும், உன்னுடைய 20,000 எம்ஏஎச் ஏறக்குறைய 74 வாட் மணி, பிரச்சினை இல்லை, ஆனால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பையில் போடக் கூடாது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்கிற வரம்பே 35 டிகிரிதான், டேஷ்போர்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். வரைபடத்தைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள். ஹேர் ட்ரையரைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, அந்தக் காற்று போதும் உன் முடிக்கு.

போய் இறங்கிய முதல் இரண்டு நாள் நீண்ட நடை எதுவும் வைக்காதே, உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேலே ஆகும், உனக்கு அவ்வளவு நாள் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் எந்த நாள் எங்கே தங்குகிறாய், வழிகாட்டியின் போன் எண் என்ன, சிக்னல் இல்லாத இடத்துக்கு எப்போது போய் எப்போது வெளியே வருகிறாய் என்று எனக்கும் அம்மாவுக்கும் எழுதி அனுப்பு. சொன்ன நேரம் தாண்டி எத்தனை மணி நேரம் காத்திருந்து நாங்கள் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதிலேயே போடு. தகவல் கொடுத்துவிட்டாய் என்றால் அம்மா அதற்கு முன்னால் போன் அடிக்காமல் இருக்க நான் பொறுப்பு.

அன்புடன்,
அப்பா