எட்டில் பாதி

கிராக்கோவ்,
டிசம்பர் 18

அன்புள்ள சேகர்,

நான்கு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். இங்கே அனைவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

சென்ற வாரம் நடந்ததை உன்னிடம் சொன்னால்தான் மனம் ஆறும். எதிர்வீட்டில் தனியாக வாழும் பாட்டி என்னை இரவுச் சாப்பாட்டுக்கு "வ்பூவ் தோ உஸ்மெய்" என்ற நேரத்துக்கு அழைத்திருந்தார். 'பாதி', 'எட்டு' என்ற இரண்டு சொற்களும் காதில் விழுந்ததால் நான் எட்டரைக்குப் போய் நின்றேன். அவர் சொன்னதோ ஏழரை. நாம் கழிந்த ஏழோடு அரையைக் கூட்டுகிறோம். போலந்துக்காரர்கள் வரப்போகும் எட்டைச் சொல்லி, அதற்குப் பாதி வழி வந்தாயிற்று என்கிறார்கள். பீட்ரூட் சூப்பை மூன்று முறை சூடாக்கியிருந்தார். சட்டியின் விளிம்பில் சிவப்பு வளையங்கள் காய்ந்து கிடந்தன. ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. முதல் காட்சிக்கு எங்களை எப்போதும் வாசலிலேயே காக்கவைத்த உனக்கு அந்த வேதனை புரியாது!

அன்றிலிருந்து இவர்களுடைய பொழுதுச் சொற்கள்மீது எனக்குப் பெரும் பற்று வந்துவிட்டது. நடுப்பகலைக் குறிக்கும் 'பொவூத்னியெ' என்ற சொல்லே தெற்கையும் குறிக்கிறது; நள்ளிரவைக் குறிக்கும் 'பூவ்நொத்ஸ்' வடக்கையும் குறிக்கிறது. பூமத்திய ரேகைக்கு 50 பாகை வடக்கே இருக்கும் இவ்வூரில் நண்பகல் சூரியன் தெற்கு வானில்தான் நிற்கும், ஒருநாளும் தலைக்கு மேல் வராது என்பதால், நம் 'உச்சிவேளை' என்ற சொல்லுக்கு இந்த வானத்தில் இடமே இல்லை. பகலும் இரவும் சேர்ந்த 24 மணி நேரத்துக்கு 'தோபா' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நாம் 'நாள்' என்போமே, அதுபோல. மரியன்னை தேவாலயக் கோபுரத்திலிருந்து தீயணைப்பு வீரர் ஒருவர் மணிதோறும் நான்கு திசைக்கும் எக்காளம் ஊதுகிறார். நண்பகலில் ஊதுவதை 1927 முதல் வானொலியிலும் கேட்கலாம். அந்த இசை ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்து நிற்கும். எனக்கு இன்னும் அது பழகவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது 'ஷாரா கொஜீனா', அதாவது சாம்பல் நிற மணி. வெளிச்சம் போய், விளக்கு இன்னும் ஏற்றாத பொழுது அது. நேற்று நான்கு மணிக்குப் பாட்டியுடன் அமர்ந்திருந்தபோது அறை மங்கியது. அந்தியில் வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று அம்மா வளர்த்த கை தானாகச் சுவிட்சை நோக்கிப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார். எண்ணெயை மிச்சப்படுத்த அவர் தாயார் விளக்கேற்றாமல் இருந்த அந்த அரைமணி நேரத்தில்தான் வீட்டுக் கதைகள் எல்லாம் சொல்லப்பட்டனவாம். முகம் தெரியாத இருட்டில், அம்மா போன பிறகு யாரிடமும் சொல்லாத சிலவற்றை நானும் அவரிடம் சொல்லிவிட்டேன், சேகர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்துக்கும் அழைத்திருக்கிறார். இம்முறை அவர் மணி எதுவும் குறிக்கவில்லை. வழக்கப்படி, வானில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் வரச் சொன்னார். வருகிற 24ஆம் தேதி மூன்றரை மணிக்கே சன்னலருகே நிற்கப்போகிறேன்.

என்றும் உன்,
ரகு