இரண்டாம் அத்தியாயத்தை வாசித்த பின்பு

கொழும்பு 13

அன்பு மகளுக்கு,

இலங்கைக் காடுகளைப் பற்றிய எழுத்துகளை ஆராயும் உன் ஆய்வேட்டில், நீ அனுப்பிய இரண்டாம் அத்தியாயத்தை வாசித்து முடித்தேன். அதை அனுப்பிய பின் உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஆய்வு வேலை மிகுந்திருக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஆகவே நானும் அத்தியாயத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

சாமுவேல் பேக்கர் 1853இல் வெளியிட்ட வேட்டை நூலையும், எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலையும் அருகருகே வைத்து, ஒருவர் வேட்டையாடி மகிழ்ந்த காட்டையே மற்றவர் பெயரிட்டு வகைப்படுத்தினார் என்று நீ காட்டியிருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்ததை ஊர் மக்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நீ கேட்கும் இடம் மிக நன்று. மேல்மாடி ரீச்சருக்கும் காட்டினேன்.

ஆனால் மகள், உன் அத்தியாயத்தில் காட்டை யாரும் வெட்டவில்லை. வேட்டைக்காரர் வருகிறார், அறிஞர் வருகிறார், பிறகு திடீரென்று கோப்பித் தோட்டம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் பயிரிடாத காணியையும் பிரித்தானிய முடிக்குரியதாகக் கொண்டது. அதன் பின்னரே மலைகள் தோட்டக்காரர்களின் கைக்குப் பெருமளவில் போயின. மலைச்சரிவில் மரங்களைக் கீழிருந்து மேலாகப் பாதி வெட்டி நிறுத்திவிட்டு, உச்சி வரிசையை மட்டும் முற்றாக வெட்டிச் சாய்ப்பார்கள். அது அடுத்த வரிசையின் மேல் விழ, அந்த வரிசை அதற்கடுத்ததன் மேல் விழ, சரிவு முழுவதும் ஒன்றாகக் கீழே வந்துவிடும். பிறகு தீ வைப்பார்கள். கோடரி பிடித்தவர்களில் அயற்கிராமத்துச் சிங்களவர்களும் இருந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த நம்மவர்களும் இருந்தார்கள். கோப்பிக் கன்று போட்ட மலையைச் சுட்டி, அண்ணனைத் தொலைத்த மலை அதுதான் என்று அம்மாயி பாடுவாரே, அந்தப் பாட்டும் இயற்கையைப் பற்றிய இலக்கியம்தான். துரைமார் எழுதியதை மட்டும் இலக்கியமாகக் கொள்ள உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான் இல்லை.

1869இல் தென்பட்ட கோப்பி இலைநோயை நீ ஒரே வரியில் கடந்துவிட்டாய். தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் இங்கு வந்து ஆராய்ந்து, பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுவதையும், ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே அதற்கு வழிவிட்டதையும் எடுத்துக்காட்டினார். காட்டை வெறுமையாகக் கண்ட கண்ணுக்குக் கிடைத்த மறுமொழி அதுவென்று நான் எண்ணுகிறேன். நீ மறுக்கலாம், மறுத்தாவது எழுது.

லெனார்ட் வூல்ஃபைப் பற்றிய பகுதியே அத்தியாயத்தில் சிறந்தது. இருந்தாலும், அவரது 1913ஆம் ஆண்டு நாவலில் காடு கிராமத்தை விழுங்குகிறது என்பதோடு நிறுத்திவிடாதே. காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிருக்கான அனுமதி மறுக்கப்படுவதுதான் நாவலின் நாயகன் சிலிந்துவின் குடும்பத்தை முதலில் நெரிக்கிறது. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் வூல்ஃபே. அங்கே அவர் எழுதிய அலுவலக நாட்குறிப்புகளை நாவலுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

அதற்குக் கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற்கு நீ வரத்தான் வேண்டும். (ஒல்லாந்தர் கறுவா நட்ட நிலத்தில் அந்தக் கடதாசிகள் கிடப்பதை அடிக்குறிப்பிலாவது சொல்.) நாட்குறிப்புகளின் அச்சான பதிப்பு நீ இருக்கும் இடத்திலேயே கிடைக்கும் என்பாய். பதிப்பு வேறு, கோப்புகள் வேறு. அயல் மாவட்டங்களின் அதிகாரிகள் எழுதியவற்றையும் ஒப்பிடாமல் மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்காதே. ஆய்வுக்காக இங்கே வர வேண்டும் என்று உன் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். பயணச் செலவைப் பற்றி யோசிக்காதே. திரும்பிப் போவதைப் பற்றி இங்கே ஒருவரும் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். எந்தக் கோப்புகள் வேண்டும் என்பதை மட்டும் எழுது. அதையாவது இந்த வாரமே எழுது.

அன்புடன்,
அம்மா