ஊட்னடாட்டா சாலைக்குக் கிளம்பும் கார்த்திக்கு

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். ஜூலை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியான அவுட்பேக்கைக் காட்டலாம் என்று நீயும் திவ்யாவும் முடிவெடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். தேர்ந்தெடுத்திருக்கும் தடமும் அருமை. ஆனால் இரண்டாம் நாள் கணக்கு உதைக்கிறது. உன்னைப் போலத் திட்டம் போடுகிற இன்னும் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்றுதான் உன்னிடம் கேட்டுக்கொண்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

"மரீ - ஊட்னடாட்டா, 405 கி.மீ., 5 மணி நேரம்" என்று போட்டிருக்கிறாய். மேப் காட்டியதை அப்படியே எடுத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். தார் போட்ட ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் மேப்பின் நேரத்தை நம்பலாம். ஊட்னடாட்டா டிராக் போன்ற சரளைச் சாலையில் நம்பாதே. அங்கே ஒரே சாலை ஒரு வாரம் 90-இல் ஓட்ட விடும், அடுத்த வாரம் 50-ஐத் தாண்ட விடாது.

காரணம் இதுதான். வண்டிச் சக்கரங்கள் ஓட ஓட, சரளையும் மண்ணும் குறுக்குவாட்டில் வரிவரியாகத் திரண்டு, சாலையே தகரக் கூரை ஷீட் போல ஆகிவிடும். அதன்மேல் 40-இல் போனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை மரத்துப்போகும் அளவுக்கு வண்டி உதறும். 80-இல் போனால் உதறல் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் அப்போது டயர்கள் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுத் தொட்டுத் தாவுகின்றன, தரையில் பிடிப்பு ரொம்பக் குறைந்துவிடும். பிரேக் போட்டால் வண்டி நேராக நிற்கும் என்று சொல்ல முடியாது. சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி வந்து சீவிவிட்டுப் போன கொஞ்ச நாளைக்குச் சாலை சுகமாக இருக்கும். பிறகு ஒரு மழை, பல டிரெய்லர்களை இழுத்துப் போகும் 'ரோடு ட்ரெயின்' லாரி நாலு, பழைய கதைதான். அதனால் போன மாதம் போய்வந்த நண்பர் ஐந்து மணி நேரத்தில் போனேன் என்றால் அது அவர் போன நாளின் நேரம். மரீயில் பெட்ரோல் போடும்போது எதிர்த்திசையிலிருந்து வந்து நிற்கும் வண்டிக்காரரைப் பிடித்து "எங்கே மோசம்?" என்று கேள். அந்தச் சாலையில் அதைவிட நல்ல தகவல் கிடையாது. கேட்டால் எல்லோரும் நின்று சொல்வார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். நல்ல நாளில்கூட நான் சராசரி 60-க்கு மேல் வைக்க மாட்டேன். நேரான இடத்தில் 80-இல் போனாலும், ஓடை குறுக்கிடும் ஒவ்வொரு பள்ளத்திலும் 20-க்கு இறங்க வேண்டும். மாடு நிற்கும். எதிரே வண்டி வந்தால் கல் தெறித்துக் கண்ணாடி உடையாமலிருக்க ஒதுங்கி மெதுவாகப் போக வேண்டும். வருவது ரோடு ட்ரெயின் என்றால், 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த வண்டி கிளப்பிவிட்டுப் போகும் புழுதி அடங்கும்வரை ஓரமாக நிறுத்திவிடு. புழுதிக்குள் பின்னாலேயே இன்னொன்று வரலாம்.

60 என்று வைத்தால் 405 கி.மீ.க்குச் சக்கரம் சுழலும் நேரம் மட்டும் ஆறே முக்கால் மணி. நீ எழுதியிருக்கும் இடங்களில் நிற்க வேண்டாமா? காட்டி தண்டா ஏரியின் தென்பகுதியைப் பார்க்கும் மேட்டில் அரை மணி. பப்ளர் ஊற்றுக்கு முக்கால் மணி. கவர்ட் ஸ்பிரிங்ஸில் சாப்பிட்டுப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்க ஒரு மணி. வில்லியம் கிரீக்கில் டீசல், கழிப்பறை, காபி என்று ஒரு மணி. ஆல்ஜிபக்கினா ரயில் பாலத்தில் அரை மணி. கூட்டிப் பார், பத்தரை மணி நேரம். ஒரு டயர்கூடப் பஞ்சராகாமல்.

ஜூலைத் தொடக்கத்தில் மரீ பக்கம் சூரியன் உதிப்பது ஏழே கால் வாக்கில், மறைவது ஐந்தரைக்கு. மொத்தப் பகலே பத்தே கால் மணி. அதிலும் இரு முனையிலும் ஒரு மணி நேரத்தை விட்டுவிட வேண்டும். கங்காரு மேயக் கிளம்புவது அந்த நேரத்தில்தான். வில்லியம் கிரீக்கைச் சுற்றியிருப்பது அன்னா கிரீக், உலகிலேயே பெரிய மாட்டுப் பண்ணை. பல இடங்களில் சாலைக்கும் மாட்டுக்கும் நடுவே வேலி இருக்காது. உன் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படி. நகரத்துக்கு வெளியே இருட்டில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். மண் சாலைக்கு அனுமதி உண்டா என்பதும் அதே தாளில்தான் இருக்கும்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. மரீயிலிருந்து சாலை வடமேற்காகப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் வடக்கே தாழ்வாகவே நகர்வதால், மூன்றரை மணிக்குமேல் வெயில் நேரே உன் முகத்தில் அடிக்கும். முன்கண்ணாடியில் படிந்த புழுதி அதில் வெள்ளையாகப் பற்றிக்கொள்ளும். பள்ளமும் சமதளமும் ஒன்றாகத் தெரியும். மெல்லிய புழுதி நிரம்பி மேலே மட்டமாகத் தெரியும் குழிகளில் சக்கரம் இறங்குவது பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே நாலரைக்குள் வண்டி நின்றிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடு. அவுட்பேக்கில் கிலோமீட்டரை எண்ணித் திட்டம் போடாதே கார்த்தி, வெளிச்சத்தை எண்ணிப் போடு.

அப்படிப் பார்த்தால் இரண்டாம் நாள் வில்லியம் கிரீக்கோடு முடிய வேண்டும். 204 கி.மீ. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் எல்லா இடத்திலும் நின்று பார்த்துவிட்டு மூன்று மணிக்குள் சேர்ந்துவிடலாம். அந்தப் பாதையில் அவசரம் காட்டுவது பாவம். அங்கே சாலை இருப்பதே அந்த ஊற்றுகளால்தான். அந்தப் பகுதியின் பழங்குடிகளான அரபானா மக்கள் காலங்காலமாக ஊற்றுக்கு ஊற்று நடந்த வழி அது. நாடாய்வுப் பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்துதான் வடக்கே போனார், 1872-இல் முடிந்த தந்திக் கம்பியும் அதையொட்டிப் போனது, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமென்று ரயிலும் அங்கேயே போனது. 1980-இல் அதில் ஓடிய 'கான்' என்ற ரயில் மேற்கே புதிய பாதைக்கு மாறியபின் பாலங்களும் நிலையங்களும் அப்படியே கிடக்கின்றன. பப்ளரில் சேறு மெல்ல உப்பி உடைவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். "கிளம்பு கிளம்பு" என்று அவர்களை விரட்டும்படி திட்டம் போடாதே.

நாள் போதாது என்றால் தூரத்தைக் குறை. ஊட்னடாட்டாவையே விட்டுவிட்டு, வில்லியம் கிரீக்கிலிருந்து 166 கி.மீ. மண் சாலையில் நேரே கூபர் பீடிக்குப் போய்விடலாம். ஊட்னடாட்டாவைத் தாண்டி, சாலை முடியும் மார்லா வரை போய்ச் சுற்றி வருவது அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

டயர் மாற்ற ஒரு மணி நேரத்தைத் தினமும் கணக்கில் வை. ஸ்பேர் டயர் வண்டிக்கு அடியில் இருந்தால் அதை இறக்கும் விதத்தை அடிலெய்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடு. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை வேண்டும், இல்லையென்றால் மண்ணில் புதையும். சரளை தொடங்கும் இடத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள். 36 psi இருந்தால் 28 வாக்கில். தார் சாலை வந்ததும் திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் குடிநீர் குறையாமல். ஊர்களுக்கு நடுவே போன் எடுக்காது, அதனால் சாட்டிலைட் போன் ஒன்றை வாடகைக்கு எடு.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லேசான மழைக்கே அந்த மண் களியாகி டயரை மூடிவிடும், சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் போனால் கடும் அபராதம். போகிற வழியில் வானம் தெளிவாக இருப்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. 2025 மார்ச்சில் மேற்குக் குவீன்ஸ்லாந்தில் கொட்டிய மழை, வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து காட்டி தண்டாவை நிரப்பியது. தெற்கு ஆஸ்திரேலிய அரசு அவுட்பேக் சாலை நிலவரத்தை இணையத்தில் போடுகிறது. கிளம்பும் ஒவ்வொரு காலையும் பார்.

இதனால்தான் ஐந்தாம் நாள் நீ வைத்திருக்கும் "கூபர் பீடி - அடிலெய்டு, 850 கி.மீ., இரவு விமானம்" என்பதை மாற்றச் சொல்கிறேன். முழுக்கத் தார் சாலைதான், ஒன்பது மணி நேரத்தில் போகலாம். ஆனால் முந்தைய நாட்களில் ஒரு சாலை மூடியிருந்தால் அந்த விமானத்தைப் பிடிக்க நீ இருட்டில் ஓட்டுவாய். கூபர் பீடியில் ஒரு நாளைச் சும்மா விடு. பிறகு போர்ட் அகஸ்டாவில் ஓர் இரவு, மறுநாள் மிச்சமுள்ள 300 கி.மீ.

வில்லியம் கிரீக்கில் அறைகள் கொஞ்சம்தான். ஜூலையில் சீக்கிரம் நிரம்பிவிடும். இன்றே போன் செய். அறை கிடைத்த தேதியை வைத்து மற்ற நாட்களை நகர்த்திக்கொண்டு, புதுத் திட்டத்தை எனக்கு அனுப்பு. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குள் எங்கே சேர்வாய் என்பதையும் அதில் எழுது. நீ சேர்ந்ததாகச் சொல்லாவிட்டால் எந்த ஊருக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்