கண்ணகி மன்னித்தாளா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குற்ற உணர்வும் மன்னிப்பும் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை மின்சார ரயிலில் படித்தேன். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் கொலைகாரன் ரஸ்கோல்னிகோவ் நாற்சந்தியில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடும் இடத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். ஆனால் 1866ல் வந்த அந்த நாவலை இன்றுவரை படிக்கிற நாம் எல்லோரும் அவன் கரையேறினானா என்றுதான் பதறுகிறோம், கோடரியால் வெட்டுப்பட்ட இரண்டு பெண்களை யார் போய்க் கேட்பது?

நம் ஆட்கள் பாதிக்கப்பட்டவர்களையும் பேச விட்டிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைப் பாருங்கள். மதுரையில் அடைக்கலம் கொடுத்த மாதரி வீட்டில் கண்ணகி சமைத்து, குருத்து வாழையிலையில் பரிமாறி, வெற்றிலை பாக்கும் கொடுத்த பிறகுதான் கோவலனுக்குத் தான் செய்தது உறைக்கிறது, புலம்புகிறான். அவள் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. என் பொய்ச் சிரிப்பைப் பார்த்து உங்கள் அப்பா அம்மா நொந்துபோனார்கள் என்கிறாள், அப்புறம் "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று, பெரியோர் மதிக்காத நடத்தை நடந்தீர்கள் என்று, முகத்துக்கு நேரே. அவ்வளவுதான், அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பாண்டியன் தன் பிழை தெரிந்ததும் உயிரையே விட்டான், சரி, அதோடு அவள் ஆறினாளா? மதுரை எரிந்தது. (மெரினாவில் 1968ல் வைத்த சிலையிலும் கையை நீட்டிக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள்.)

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையில் ராமன் கால்பட்டுப் பெண்ணான அகலிகை, சீதை தீக்குளித்த கதையைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். அவளைச் சபித்த கணவன் கோதமன் மனம் மாறியதெல்லாம் அவளுக்கு உதவவில்லை. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இதை இவ்வளவு வேகமாக எழுதக் காரணம் உண்டு. என் அக்காவுக்கு வந்த வேலை உத்தரவை, அப்பா சொன்னார் என்று, பரண்மேல் ஒளித்து வைத்தவன் நான். முப்பது வருஷம் கழித்துப் போன பொங்கலுக்குப் பெரம்பூரில் அவள் வீட்டுக்குப் போனபோதுதான் வாய் வந்தது. முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னிக்கு வந்து சேரணும்னு போட்டிருந்துச்சுடா அதுல?" என்றாள்.

எனக்குத் தேதி ஞாபகமில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
வில்லிவாக்கம், சென்னை