ஆட்டுக்கும் ஓங்கில் என்னும் டால்பினுக்கும் கணக்கு வையுங்கள்: பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

கீழக்கரையில் சங்கு குளிக்கும் குடும்பம் ஒன்றில் பிறந்து, பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். படைத்துறைக்காக ஆய்வகங்களில் விலங்குகள் மீது நடத்தப்படும் சோதனைகள், நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் பொருள்களைக் கண்டறியும் சோனார் கருவியைக் கொண்டு கடலில் நடத்தப்படும் சோதனைகள் ஆகிய இரண்டைக் குறித்தும் உங்களிடம் ஒரே கோரிக்கையை வைக்கிறேன். எந்த இனத்தில் எத்தனை விலங்குகள், எந்த நோக்கத்துக்காகப் பயன்படுத்தப்பட்டன, முடிவில் அவற்றுக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். ஆயுதத்தின் நுட்பத்தை நாங்கள் கேட்கவில்லை.

இந்தக் கோரிக்கை சங்கு குளிப்பவன் வீட்டிலிருந்து வருவதற்குக் காரணம் உண்டு. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது; அவசரமாக மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டிலைப் போல உடம்புக்குள்ளேயே குமிழ் விடுகிறது. மூட்டுவலி, முடக்கம், சில வேளைகளில் மரணம் என்று அது முடியும். இதைத் தடுக்கும் வழியை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞர் பிரிட்டிஷ் கடற்படைக்காகத் தேடியபோது, லண்டனில் ஓர் இரும்பு அறைக்குள் ஆடுகளை அடைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி, பிறகு இறக்கிப் பார்த்தார். வெளியே வந்த ஆடு முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றால் மூட்டில் குமிழ் சேர்ந்துவிட்டது என்று பொருள். படிப்படியாக நின்று நின்று மேலே வர வேண்டும் என்று 1908இல் வெளியான அவருடைய அட்டவணை, அதன்பின் வந்த அட்டவணைகளுக்கெல்லாம் தாய். அந்த ஆடுகளால் எண்ணற்ற மனித உயிர்கள் பிழைத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் படகில் கம்ப்ரசரை வைத்து, ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மன்னார் வளைகுடாவில் முங்குகிறவனுக்கு இன்றும் அந்த அட்டவணையைக் கற்றுக்கொடுப்பார் இல்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

விடை கிடைத்த பிறகும் ஆடுகளை அறைக்குள் அடைப்பது நிற்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்புவது பற்றிய ஆய்வு என்ற பெயரில் பிரிட்டனில் அது ஏறக்குறைய நூறாண்டுகள் நீடித்து, 2008இல்தான் கைவிடப்பட்டது. கணினி மாதிரிகளும் ஏற்கெனவே திரட்டிய தரவுகளும் போதும் என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகமே அப்போது முடிவு செய்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப முடிந்ததும், எண்ணிக்கை வெளியே தெரிந்ததும் அந்த முடிவுக்கு உதவின என்பது என் கணிப்பு.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் விடாப்பிடியாக எழுப்பிய கோரிக்கையின் பயனாகவே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் 17ஆம் பிரிவு, மாற்றுவழி இருக்கும் இடங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றும், வெறும் கைத்திறன் பழகுவதற்காக அதைச் செய்யக் கூடாது என்றும் கூறுகிறது. வேறு சில நாடுகளின் படைகளில் காயத்துக்குச் சிகிச்சை அளிக்கப் பழகுவதற்காக ஆடுகளையும் பன்றிகளையும் காயப்படுத்தியிருக்கிறார்கள். அப்படியொரு பயிற்சி நம் படைகளில் இல்லை, இனியும் இராது என்று ஒரு வரி எழுதித் தருவதில் உங்களுக்கு என்ன தடை?

இனி கடலுக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில், அமெரிக்கக் கடற்படை சோனாரை இயக்கிய வேளையில் அலகுத் திமிங்கலங்கள் உட்பட 17 கடல் பாலூட்டிகள் கரை ஒதுங்கின. சோனார்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று அக்கடற்படையும் சேர்ந்து வெளியிட்ட 2001ஆம் ஆண்டு அறிக்கை ஒப்புக்கொண்டது. 2002 செப்டம்பரில் கேனரி தீவுகளில், பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. அவற்றை அறுத்துப் பார்த்தவர்கள் உறுப்புகளில் வாயுக் குமிழ்களைக் கண்டார்கள். இரும்பு அறையில் ஆட்டுக்கு வேண்டுமென்றே வரவழைத்த நோயைப் போன்ற ஒன்று, பிறந்தது முதல் முங்கியே வாழும் உயிருக்கு வந்திருக்கிறது. ஒலிக்கு மிரண்டு, இயல்பான முறையை விட்டு மேலும் கீழும் பாய்ந்ததே காரணமாகலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஸ்பெயின் அரசு 2004இல் அப்பகுதியில் சோனாருக்குத் தடை விதித்தது. அதன்பின் அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்கியது இல்லை.

அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும் என்று நான் வாதிடவில்லை. ஆழமும் வேறு, இனங்களும் வேறு. என் கவலை, நடந்தாலும் நமக்குத் தெரியாது என்பதுதான். ஓங்கிலோ ஆவுளியா என்னும் கடற்பசுவோ கரை ஒதுங்கினால் வனத்துறையினர் டேப்பை நீட்டி நீளம் அளக்கிறார்கள். கால்நடை மருத்துவர் மணலிலேயே உடலை அறுத்துப் பார்க்கிறார். மாலைக்குள் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். முந்தைய நாள்களில் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் சோனார் இயங்கியது என்ற தகவல் அந்த மருத்துவர் கைக்கு வருவதில்லை. அது இல்லாமல் அவர் எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் எங்கள் பெண்கள், கடல் உயிர்களின் நன்மைக்கு என்று சொல்லித் தடுக்கப்படுகிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிப்பவளிடம் கணக்குக் கேட்கும் அரசு, அதே கணக்கைத் தன் துறைகளிடமும் கேட்பதுதானே முறை?

ஆட்டிறைச்சி தின்னும் ஊர்க்காரனுக்கு ஆட்டின் மேல் என்ன திடீர் இரக்கம் என்று சிலர் கேட்கக்கூடும். உணவுக்காக அறுப்பதற்கும் வேதனை எந்த அளவில் தொடங்குகிறது என்று பார்ப்பதற்காகவே வேதனையை ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கடற்படை மீதும் எனக்குப் பகை இல்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருப்பதும், மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருப்பதும் புயல் காலத்தில் எங்களுக்கு ஆறுதல்தான்.

ஆகவே ஆண்டுக் கணக்கை வெளியிடுவதோடு, இக்கடலில் சோனாரைச் சோதிக்கும் முன் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளரைக் கலந்து பேசவும், கடல் பாலூட்டிகள் தென்பட்டால் ஒலியை நிறுத்தவும், ஏதேனும் கரை ஒதுங்கினால் அந்த நாள்களின் இயக்க விவரத்தை, இரகசியம் காக்கும் உறுதிமொழி பெற்றுக்கொண்டாவது, உடற்கூறு செய்யும் மருத்துவருக்குக் கொடுக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். உங்கள் பதிலைத் தமிழிலும் வெளியிட்டால், அதை மீனவர் சங்கங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்