வேகச் சோதனை எண்ணை நம்பலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் 10 கிகாபிட் பிராட்பேண்ட் திட்டங்கள் வந்த பிறகு, வேகச் சோதனைச் செயலி காட்டும் எண்ணை வைத்தே இணையச் சேவையை எடைபோடும் பழக்கம் பெருகிவிட்டது. அந்த எண் பெரும்பாலும் வீட்டு வைஃபையின் லட்சணத்தைத்தான் காட்டும். கம்பியில் இணைத்தாலும் 1 கிகாபிட் போர்ட்டில் சுமார் 940 மெகாபிட்டுக்கு மேல் வராது. மேலும், இணையம் தடுமாறும்போதுதான் பலர் சோதித்துப் பார்க்கிறார்கள். அப்படிச் சேர்ந்த முடிவுகளின் சராசரி எப்படி நேராக இருக்கும்?

இதைவிட நல்ல கருவி சேவை நிறுவனங்களின் ரூட்டர்களிலேயே உண்டு. எஸ்ஃப்ளோ, ஐபிஃபிக்ஸ் போன்ற போக்குவரத்து அளவீட்டு முறைகளில், கடந்துபோகும் பேக்கெட்டுகளில் (தரவுத் துண்டுகளில்) பத்தாயிரத்துக்கு ஒன்றை எடுத்து எண்ணலாம். ‘பத்தாயிரத்தில் ஒன்று போதுமா?’ என்று தோன்றும். பிழையைத் தீர்மானிப்பது அந்த விகிதம் அல்ல, நாம் அளக்கும் சேவைக்கெனக் கையில் சேர்ந்த மாதிரிகளின் எண்ணிக்கை. 196ஐ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், 95 விழுக்காட்டு நம்பகத்துடன் பிழை வரம்பு விழுக்காட்டில் கிடைக்கும். 10 கிகாபிட் இணைப்பு நிரம்பி ஓடுகிறது, பேக்கெட் சராசரி 1,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.25 மில்லியன் பேக்கெட்டுகள், 125 மாதிரிகள். ஐந்து நிமிடத்தில் 37,500. அதில் ஒரு விழுக்காடு மட்டுமே உள்ள சேவைக்கு 375 மாதிரிகள், பிழை 10 விழுக்காடு. 0.1 விழுக்காடு உள்ளதற்கோ பிழை 30ஐத் தாண்டும். அதை ஒரு மணி நேரத்துக்குச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோளாறு வருவது கணக்கில் அல்ல, அமைப்பில். ஒவ்வொரு 10,000ஆவது பேக்கெட்டாக எண்ணி எடுக்கக்கூடாது. குரல் அழைப்புப் பேக்கெட்டுகள் 20 மில்லிநொடிக்கு ஒன்று எனத் தாளம் தவறாமல் வரும். இரண்டு தாளங்களும் ஒத்துப்போனால் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். தற்போக்காக, அதாவது குலுக்கல் முறையில், எடுப்பதே சரி. ஒரே ரூட்டரில் உள்வரும் போர்ட், வெளிச்செல்லும் போர்ட் இரண்டிலும் மாதிரி எடுத்துக் கூட்டினால் போக்குவரத்து இரட்டிப்பாகும். மாதிரி விகிதம் ரூட்டரில் 10,000க்கு ஒன்று, மாதிரிகளைத் திரட்டும் சேகரிப்பு சர்வரில் 1,000க்கு ஒன்று என்று பதிவாகி இருந்தால் எல்லா எண்ணும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இது நடக்காத ஒன்றல்ல! போர்ட்டைக் கடந்த மொத்த பைட்டுகளைக் காட்டும் எண்ணியோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். எஸ்ஃப்ளோவில், தவறவிட்ட மாதிரிகளைச் சொல்லும் ‘டிராப்ஸ்’ புலத்தையும் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுப்பதால் எல்லாம் தெரிந்துவிடாது. தாமதத்தை அது நேரடியாகச் சொல்லாது. அதற்குத் தனியே சோதனைப் பேக்கெட் அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடச் சராசரி 60 விழுக்காடாக இருக்கும்போதே, சில மில்லிநொடி வெள்ளத்தில் பஃபர் எனும் தற்காலிக நினைவகம் நிரம்பிப் பேக்கெட்டுகள் கொட்டிப்போகலாம். ஜிபிஓஎன் எனும் கண்ணாடியிழை இணைப்பில் 2.488 கிகாபிட்டைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. மைய ரூட்டரில் எடுத்த மாதிரியைக் கொண்டு அந்தக் கடைசிக் கட்ட நெரிசலைக் கணிக்க முடியாது.

ஆகவே ‘சராசரி வேகம்’ என்ற ஒற்றை எண்ணை நிறுவனங்கள் வெளியிடும்போது, மாதிரி விகிதம், எந்த இடத்தில் எடுத்தது, எத்தனை நிமிடச் சராசரி, இரவு 8 முதல் 11 மணி வரையிலான அளவு, போர்ட்டில் கைவிடப்பட்ட பேக்கெட்டுகள் ஆகியவற்றையும் சேர்த்தே தரும்படி தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் கேட்க வேண்டும். இவை எல்லாம் ரூட்டரில் ஏற்கெனவே பதிவாகக்கூடியவை; புதிய சாதனம் வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
இணையக் கட்டமைப்புப் பொறியாளர்,
ஈசூன்